இரண்டாம் தொழிலாளியின் கை

தனித்த சமவாய்ப்பு மாறிகளைப் பற்றித் தமிழில் ஒரு பாடநூல் எழுத முற்பட்டபோது, தக்க எடுத்துக்காட்டு ஒன்று கிடைக்காமல் ஏறத்தாழ ஓராண்டு தடுமாறினேன். நாணயம் சுண்டுவதும் பகடை உருட்டுவதும் எல்லா நூல்களிலும் இருந்தன. தாயக்கட்டையை வைத்து ஓர் இயலின் தொடக்கத்தை எழுதிப் பார்த்தேன். அது விளையாட்டாகவே நின்றுவிட்டது. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. விருதுநகரில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஓய்வுக்குச் சில ஆண்டுகளே எஞ்சியிருந்தன. எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்னும் மூன்று தொழில்களில் ஒன்றைக் கொண்டு உலைவைக்கும் வீடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்கள் வீட்டுக்குள்ளிருந்தே ஓர் எண்ணை எடுத்து அவர்கள் முன் வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

அந்த எண்ணை எனக்குத் தந்தது என் தமக்கையின் வலக்கை.

அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். பிறர் நிலத்தில் கூலிவேலை செய்த பெற்றோர், மழை பொய்த்த ஆண்டுகளில் எங்களைக் கூட்டிக்கொண்டு திருத்தங்கலுக்குத் தெற்கே ஒரு சிற்றூருக்குக் குடிபெயர்ந்தனர். அக்கா தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாள். நான் பள்ளிக்குப் போனேன். ஆலையை எங்கள் பக்கத்தில் ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். முதலில் சட்டத்தில் குச்சி அடுக்கினாள். பிறகு மருந்து தோய்த்துக் காய்ந்த குச்சிகளைப் பெட்டியில் அடைக்கும் வேலைக்கு வந்து, நாற்பது ஆண்டுகள் அதிலேயே இருந்தாள். லாரியில் லோடு ஏற்றும் வேலை பார்த்த அவள் கணவர் காய்ச்சலில் மாண்டபோது அவளுக்கு வயது முப்பதுகூட நிறையவில்லை. குழந்தை இல்லை. என் வீட்டுக்கு வந்துவிடும்படி அழைத்தேன்.

"எங் கை ஓடுற மட்டும் எவன் வீட்டுச் சோத்துக்கும் வரமாட்டேன்லே. உன் வீடும் அதுல சேத்திதான்," என்றாள்.

அதன்பின் ஒற்றை அறையும் சமையற்கட்டும் கொண்ட ஓர் ஓட்டு வீட்டில் தன் கையால் ஆக்கித் தன் கையால் உண்டு தனியே வாழ்ந்தாள். இதை அவள் வீறாப்பு என்று என் மனைவி சொல்வதுண்டு. நான் அவ்வாறு எண்ணியதில்லை. உலகில் அவளுக்கென்று இருந்த ஒரே உடைமை அது.

ஒரு சனிக்கிழமை நண்பகலில், கணக்குப்பிள்ளையின் இசைவைப் பெற்றுக்கொண்டு அவள் வேலை செய்யும் கொட்டகைக்குள் போனேன். பெண்கள் இரு வரிசையாகத் தரையில் அமர்ந்திருந்தனர். ஒவ்வொருவர் முன்னும் ஒரு தகரத் தட்டில் குச்சிக் குவியல். அக்காவின் இடக்கை பெட்டியை விரல் நுனியால் தள்ளித் திறக்கும். வலக்கை குவியலில் இறங்கி ஒரு பிடி அள்ளும். கட்டைவிரல் அந்தப் பிடியை ஒருமுறை உருட்டிப் பார்க்கும். மிகுந்த ஒன்றிரண்டைத் தட்டில் உதிர்த்துவிட்டு மீதியைப் பெட்டிக்குள் இறக்கும். மூடும். எண்ணுவதே இல்லை. பெட்டியின் மேல் ஐம்பது குச்சிகள் என்று அச்சிட்டிருக்கும்.

அவள் அடைத்து முடித்த நூறு பெட்டிகளை வாங்கி, ஒரு மூலையில் செய்தித்தாளை விரித்து, ஒவ்வொன்றாகக் கொட்டி எண்ணத் தொடங்கினேன். அக்காவின் பக்கத்தில் அமர்பவள் அவளைவிட மூத்தவள். வெற்றிலைச் சிவப்பேறிய வாய்.

"ஏலே தம்பி, காலேசுல குச்சி எண்ணுறதுக்கா ஒனக்குச் சம்பளம் குடுக்காக?" என்றாள் அவள்.

"எண்ணிட்டுச் சும்மா போகமாட்டான் மதினி. பரீட்சையும் வைப்பான்," என்றாள் அக்கா, தலை நிமிராமல்.

"அப்ப ஒங்கக்கா பாசா பெயிலா, அதச் சொல்லு மொதல்ல."

"ஒன்னோட பெட்டியையும் எண்ணச் சொல்லவா?"

"ஆத்தீ, எம் பெட்டிய எண்ணுனா கம்பெனிய மூடிருவாக!"

கொட்டகை முழுதும் சிரித்தது. எண்ணி முடிக்கப் பிற்பகலாயிற்று. ஐம்பத்தொரு பெட்டிகளில் சரியாக ஐம்பது குச்சிகள். இருபத்திரண்டில் நாற்பத்தொன்பது. இருபதில் ஐம்பத்தொன்று. மூன்றில் நாற்பத்தெட்டு, நான்கில் ஐம்பத்திரண்டு. அவ்வளவுதான். கூட்டி வகுத்தால் சராசரி மிகச்சரியாக ஐம்பது.

நான் வியப்பில் ஆழ்ந்துபோனேன். மூடிய பெட்டிக்குள் இருக்கும் குச்சிகளின் எண்ணிக்கையைத் திறக்கும்வரை எவரும் அறியார். திறந்ததும் அது ஒரு முழு எண். நாற்பத்தொன்பது இருக்கலாம், ஐம்பது இருக்கலாம்; இவற்றுக்கு இடையில் அரைக்குச்சிக்கு இடமில்லை. எந்த எண் எத்தனை முறை வரும் என்பதற்கு மட்டும் ஓர் ஒழுங்குண்டு. தனித்த சமவாய்ப்பு மாறி என்பதும் அதன் நிகழ்தகவுப் பரவல் என்பதும் இவையே. நான் பக்கம் பக்கமாக எழுதி அடித்துக்கொண்டிருந்ததை அக்கா ஐம்பது பைசாப் பெட்டியில் அடைத்து வைத்திருந்தாள்.

"எண்ணாம எப்படிக்கா அம்பது வருது?" என்று கேட்டேன்.

"மூக்குத்தியக் கண்ணாடி பாத்தா திருகுறேன்? கைக்குத் தெரியும்லே."

அன்றே கணக்குப்பிள்ளையிடம் ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன். மாதந்தோறும் அக்கா அடைத்த இருபத்தைந்து பெட்டிகளை அவர் தனியே எடுத்து வைப்பார். அவளைப் பார்க்கப் போகும்போது நான் வாங்கிக்கொள்வேன். நூலுக்கு மேலும் தரவு வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். உண்மையில் எனக்கு அதில் ஒரு சுவை ஏற்பட்டுவிட்டது. ஞாயிறு காலை, முற்றத்தில் பாய் விரித்து, பெட்டிகளைக் கொட்டி எண்ணி, ஒரு குறிப்பேட்டில் எழுதுவேன். பெட்டிகளைக் கட்டியிருந்த நூலை அறுத்ததும் எல்லாம் கலந்துபோகும். எந்தப் பெட்டி முன்னது, எது பின்னது என்று நான் பார்த்ததில்லை. பரவலுக்கு வரிசை வேண்டாம். எத்தனை என்பது மட்டும் போதும். வகுப்பில் இதைப் பல்லாண்டுகள் நான் கற்பித்திருக்கிறேன்.

ஓராண்டு வரை குறிப்பேட்டில் மாற்றம் இல்லை. அதன்பின் ஒரு மாதம் நாற்பத்தேழு வந்தது. அடுத்த மாதம் நாற்பத்தாறும் ஐம்பத்துமூன்றும் வந்தன. பிறகு நாற்பத்தைந்து, ஐம்பத்தைந்து. சில பெட்டிகள் மூடி இறுகித் திறக்கவே வரவில்லை. சிலவற்றில் குச்சிகள் கலகலவென்று ஆடின. நான்கு மாதப் பெட்டிகளைத் திரட்டி நூறாக்கி அட்டவணையிட்டேன். எண்கள் நாற்பத்துநான்கு முதல் ஐம்பத்தாறு வரை பரந்திருந்தன. சரியாக ஐம்பது இருந்தவை பன்னிரண்டே பெட்டிகள். எனினும் சராசரியைக் கணக்கிட்டபோது அது ஐம்பதிலிருந்து அணுவளவே விலகியிருந்தது.

அன்று எனக்கு உண்டான உணர்ச்சியை மறைக்காமல் எழுத வேண்டும். நான் மகிழ்ந்தேன். சராசரி ஒன்றாகவே இருந்தும், சிதறலின் அளவான பரவற்படி வேறுபடும் இரு பரவல்கள் எனக்குத் தேவைப்பட்டன. சராசரி மட்டும் போதாது, எண்கள் அதைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்பதையும் பார்க்க வேண்டும் என்று மாணவருக்கு உணர்த்துவதே அந்த இயலின் உயிர்நிலை. முதல் அட்டவணையைக் காட்டிலும் இரண்டாவதில் பரவற்படி பதின்மூன்று மடங்கு மிகுதி. இதைவிட நல்ல எடுத்துக்காட்டைக் கற்பனையாலும் சமைக்க இயலாது.

ஏன் இவ்வாறாயிற்று என்று நான் கேட்டுக்கொள்ளாமல் இல்லை. குச்சி மாறியிருக்கலாம், சீசன் நெருக்கடியில் விரைந்து அடைத்திருக்கலாம், வயதும் ஆயிற்று. மூன்று காரணங்கள் கிடைத்தன. மூன்றும் போதுமானவையாகத் தோன்றின. அதற்குமேல் நான் தேடவில்லை.

நூலில் எழுதும்போது ஓர் இடர்ப்பாடு எழுந்தது. ஒரே பெண்ணின் இரு அட்டவணைகள் என்று எழுதினால் மாணவன் குழம்புவான். காலம் என்னும் மற்றொரு மாறி உள்ளே நுழைந்துவிடும். ஆகவே ஒருத்தியை இருவராக்கினேன். முதல் தொழிலாளி, இரண்டாம் தொழிலாளி. இயலின் இறுதியில் பயிற்சி வினா ஒன்றும் அமைத்தேன்: இவ்விருவருள் எவருடைய கை நம்பத்தக்கது? காரணம் தருக.

நூலைச் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கொடுத்தேன். மெய்ப்புத் திருத்துபவர் 'பரவற்படி' என்னும் சொல் பிழை என்று கருதி எல்லா இடத்திலும் 'பரவும்படி' என்று திருத்தி வைத்திருந்தார். அதை நேராக்கவே ஒரு திங்கள் ஆயிற்று. அதற்குள் நாட்காட்டி வேலை தொடங்கிவிட்டது.

"ஐயா, கோவிச்சுக்கிடாதீக. இப்ப மெசின்ல முருகன் ஓடிக்கிட்டு இருக்காரு. அவருக்குப் பொறவு லட்சுமி, அதுக்குப் பொறவு கொழந்த படம். அம்புட்டும் வெளியூர் ஆர்டரு. ஒங்க கணக்குப் பொஸ்தகம் அதுக்கப்புறந்தான்," என்றார் அச்சக உரிமையாளர்.

முருகனும் இலக்குமியும் முடிய ஏழு மாதங்கள் ஆயின. அந்த ஏழு மாதங்களில் நான் பெட்டிகளை எண்ணவில்லை. நூலுக்குத் தேவையான தரவு கிடைத்துவிட்டது. அக்காவைப் பார்க்க மட்டும் போய்வந்தேன். ஒருநாள் அவள் மூக்கு வெறுமையாக இருந்தது. கேட்டதற்கு, "காலம் கெட்டுக் கெடக்கு. களவு போயிரும்னு கழட்டி வச்சிட்டேன்," என்றாள். மற்றொரு நாள் ரவிக்கையில் கொக்கிக்குப் பதில் இரண்டு ஊசிகள் குத்தியிருந்தன. காப்பியைத் தம்ளரில் பாதியளவே ஊற்றித் தந்தாள். என்னைச் சீனி குறைக்கச் சொன்ன மருத்துவரின் பேச்சை அவள் கடைப்பிடிப்பதாக எண்ணிக்கொண்டேன். வாசற்படி இறங்கும்போது அவள் காலிலிருந்து செருப்பு கழன்று பின்தங்கியது; அவளுக்கு அது தெரியவில்லை. நான்தான் எடுத்துத் தந்தேன்.

இவற்றில் எதையும் நான் காணாமல் இல்லை. தனித்தனியே கண்டேன்.

நூல் வந்ததும் முதற்படியை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். பங்குனி வெயில். அவள் கால் நீட்டிச் சுவரில் சாய்ந்திருந்தாள். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். ஆனால் நானே படித்துக் காட்டினேன். திருத்தங்கலை அடுத்த சிற்றூர் ஒன்றில் தீப்பெட்டி அடைக்கும் பெண் ஒருத்தி என்று தொடங்கியதும் அவள் முகம் மலர்ந்தது.

"நானா?"

"நீதான்."

"எம் பேரப் போடலியே?"

"பேரெல்லாம் போடக்கூடாதுக்கா. இது பாடப் பொஸ்தகம்."

"போட்டா என்ன, கொறஞ்சா போயிருவ?" என்று சிரித்தாள். பிறகு, "மேல படி," என்றாள்.

முதல் அட்டவணையைப் படித்தேன். ஐம்பத்தொரு பெட்டி சரியாக ஐம்பது என்றபோது தலையை ஆட்டிக்கொண்டாள். இரண்டாம் அட்டவணையையும் படித்தேன். அவள் தலையாட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"இந்த ரெண்டாவது ஆளு யாரு?"

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுத்தேன் என்றே நினைவு. உன் கை இப்போது முன்போல் இல்லை என்று நாற்பதாண்டு உழைத்தவளிடம் எப்படிச் சொல்வது என்னும் தயக்கம் ஒன்று; அச்சாகிக் கையில் இருக்கும் நூலில் நான் ஒருத்தியை இருவராக்கியிருப்பதை ஒப்புக்கொள்ளும் கூச்சம் மற்றொன்று. இரண்டில் எது மிகுதி என்று இன்றும் என்னால் நிறுத்துச் சொல்ல முடியவில்லை.

"சும்மா, ஒரு உதாரணத்துக்கு. வேற ஒரு பிள்ள," என்றேன்.

அக்கா முன்னால் சாய்ந்து அட்டவணையைப் பார்த்தாள்.

"ஒரு பெட்டில நாப்பத்தஞ்சு, ஒரு பெட்டில அம்பத்தஞ்சா? அது அவசரத்துல அடைக்கிற கை இல்லலே. அவசரத்துல அடைச்சா எல்லாம் கொறைச்சலாத்தான் வரும். இது மரத்துப்போன கை. குச்சி இருக்கா இல்லியான்னே அந்தப் பிள்ளைக்குத் தெரியல. பாவம். ஆசுபத்திரிக்குப் போகச் சொல்லு அவள."

"சொல்றேன்," என்றேன்.

அதன்பின் அவள் எனக்குக் கத்திரிக்காய்க் குழம்பு ஊற்றிச் சோறிட்டாள். உண்டுவிட்டு நான்கு மணிப் பேருந்தைப் பிடித்து விருதுநகர் திரும்பினேன்.

ஆடி மாதத்தில் அவள் ஆபீஸ் வாசலில் விழுந்தாள். கால் தடுக்க அங்கே கல்லும் இல்லை, மேடும் இல்லை. காலே தன்போக்கில் மடங்கிவிட்டதாகப் பக்கத்தில் வந்தவர்கள் சொன்னார்கள். செய்தி கேட்டு ஓடினேன். கணக்குப்பிள்ளை என்னைத் தனியே அழைத்துப்போய், நெடுநாளாகச் சொல்ல நினைத்துத் தயங்கியதைச் சொன்னார். பன்னிரண்டு பெட்டி கொண்ட டஜன் கட்டைக் கையில் தூக்கிப் பார்த்தே எடையை மதிப்பவர் அவர். ஒன்றரையாண்டுக்கு முன்பு அக்காவின் கட்டு ஒன்று குறைவாக இருப்பதாக அவளிடம் சொல்லியிருக்கிறார். அதற்குப்பின் எந்தக் கட்டும் குறையவே இல்லையாம்.

"நல்லாத்தான் அடைக்காகன்னு நெனச்சேன் சார். பக்கத்துல இருக்கிறவுகதான் சொன்னாக. ஒரு பெட்டி கொறஞ்சிருக்கும்னு சந்தேகம் வந்தா மறு பெட்டியில கூட வச்சிருவாகளாம். கட்டுக்கு அறுநூறு குச்சி எப்படியும் நெருங்கி வந்திரும்."

சராசரி ஏன் அசையாமல் நின்றது என்பது எனக்கு அப்போது விளங்கியது. நான் எண்ணிய எண்கள் ஒன்றையொன்று சாராதவை அல்ல. குறைந்த பெட்டியை அடுத்து நிறைந்த பெட்டி வந்திருக்கிறது. நிறைந்ததை அடுத்துக் குறைந்தது வந்திருக்கிறது. கட்டின் வரிசையிலேயே எண்ணியிருந்தால் ஒரு பெண் தன் கையோடு போராடுவதைக் குறிப்பேட்டின் ஒரே பக்கத்தில் கண்டிருப்பேன். நூலை அறுத்துக் கலைத்துவிட்டு எண்ணினேன்.

மதுரைக்கு அழைத்துப்போனோம். நரம்பியல் மருத்துவர் இளையவர், பொறுமையானவர். அக்காவின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்; முழங்காலைத் தட்டிப் பார்த்தார். பிறகு தம் கையை உயர்த்தி விரல்களை மூடி விரித்துக் காட்டினார்.

"இந்த மாதிரி எவ்வளவு வேகமா முடியுமோ அவ்வளவு வேகமா மூடி மூடித் திறங்கம்மா. நான் பத்து எண்ணுற வரைக்கும்."

நல்ல கை பத்து நொடிகளில் இருபது முறைக்குமேல் மூடித் திறக்குமாம். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றாள். விரல்கள் சேற்றில் புதைந்தவைபோல் மெல்ல எழுந்தன. நானும் மனத்துக்குள் எண்ணினேன். எண்ணாமல் இருக்க எனக்கு வராது. இடக்கை பதினொன்று. வலக்கை எட்டு.

"எவ்வளவு நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டார் மருத்துவர்.

"இப்பத்தான் சார். ஒரு மாசமா," என்றாள் அக்கா.

நான் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தேன். எதற்காக அதைக் கொண்டுபோனேன் என்று என்னால் சொல்ல இயலாது. வீட்டை விட்டுக் கிளம்பும்போது கை தானாக எடுத்துவைத்தது. ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு பக்கம். அவர் பக்கங்களைத் திருப்பினார். என்ன எண்கள் என்று கேட்டார், சொன்னேன். முன்னும் பின்னும் புரட்டிவிட்டு ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். நாற்பத்தேழு முதன்முதலாக வந்த பக்கம்.

"இங்கயே ஆரம்பிச்சிருக்கு சார். கழுத்தெலும்பு தேஞ்சு தண்டுவடத்த நெருக்குது. குனிஞ்சே வேலை பாத்தவங்களுக்கு வரும். இந்தச் சமயத்துலயே வந்திருந்தீங்கன்னா..." என்று தொடங்கியவர், அக்காவைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அக்கா குறிப்பேட்டை எட்டிப் பார்த்தாள். எண்கள் அவளுக்குத் தெரியும். நாற்பத்தைந்து, ஐம்பத்தைந்து. உதடு அசைய அவற்றைப் படித்தாள். மருத்துவர் படம் எடுக்கச் சீட்டெழுதிக்கொண்டிருந்தார்.

"ஏலே, அது எங் கையா?" என்று என்னிடம் கேட்டாள்.

நான் குறிப்பேட்டை எடுத்து மூடினேன்.

"பொஸ்தகத்துல இருந்த ரெண்டாவது ஆளு."

"ஆமாக்கா."

அவள் சினந்திருந்தால் எனக்கு ஒரு பற்றுக்கோடு கிடைத்திருக்கும். சினமில்லை. உண்மையிலேயே அறிந்துகொள்ள விரும்புபவள்போல், தணிந்த குரலில் கேட்டாள்:

"நான் அன்னைக்கு ஆசுபத்திரிக்குப் போகச் சொல்லுன்னேன்ல. நீ அவகிட்டச் சொல்லவே இல்லியா?"

மருத்துவர் எழுதுவதை நிறுத்தி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் புரிந்திராது.

அறுவை செய்யலாம் என்றார்கள். பெரும்பாலோர்க்கு நோய் இருக்கும் நிலையிலேயே நின்றுவிடும்; சிலருக்குச் சற்றுத் தேறும்; மிகச் சிலருக்கு இருப்பதும் போய்விடலாம். மூன்று விளைவுகள், மூன்றுக்கும் வெவ்வேறு வாய்ப்புகள். வாழ்நாள் முழுதும் நான் கரும்பலகையில் எழுதியது இதைத்தான். அக்கா என்னைப் பார்த்து, "நீ சொல்லு, வெட்டலாமா வேணாமா?" என்றாள். வாய்ப்புகளை எடைபோட்டு எந்த முடிவுக்கும் நான் வரவில்லை. காத்திருந்து கெடுத்தவன் மீண்டும் காத்திருக்கச் சொல்ல அஞ்சினேன். வெட்டலாம் என்றேன். அவள் சரி என்றாள்.

பெரும்பாலோர்க்கு நிகழ்வதே அவளுக்கும் நிகழ்ந்தது. நோய் நின்றது. கோலூன்றி நடந்தாள். போன கை திரும்பவில்லை.

தனியே இருக்க வழியில்லாமற் போயிற்று. உலைமூடியைப் பிடிக்க முடியாது. தீக்குச்சியைக் கிழிக்க முடியாது. கதவின் கொண்டியை இழுக்க முடியாது. ஐப்பசியில் ஒரு முற்பகல் வாடகை வண்டி வைத்து அழைத்துவரப் போனேன். ஆபீசில் அவள் பக்கத்தில் அமரும் வெற்றிலை வாய் மூதாட்டி வந்திருந்தாள்.

"போறவ போறா, அந்த ஆட்டுக்கல்ல எங்கிட்டக் குடுத்துட்டுப் போகச் சொல்லு தம்பி," என்றாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

"எடுத்துக்கோ மதினி. ஆனா திரும்பி வந்தா கேப்பேன்," என்றாள் அக்கா.

"கேளு, கேளு. மாவோட தாரேன்."

வண்டியில் அக்கா என் பக்கத்தில் அமர்ந்தாள். திருத்தங்கல் மேம்பாலத்தருகே, "ஒம் பொண்டாட்டி எத்தன மணிக்குச் சோறு போடுவா?" என்று கேட்டாள். ஒரு மணிக்கு என்றேன்.

என் வீட்டில் அவள் நான்காண்டுகள் இருந்தாள். என் மனைவி அவளை மனங்கோணாமல் பேணினாள், குளிப்பாட்டுவாள், தலைவாரிவிடுவாள். அவை எவற்றுக்கும் அக்கா தடைசொன்னதில்லை. சோறு மட்டும் வேறு. முதல் நாளே என் மனைவி பிசைந்து ஊட்டப் போனபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கரண்டி வாங்கித் தந்தோம்; பிடி தடித்த கரண்டி ஒன்று மதுரையிலிருந்து வரவழைத்தேன். அதையும் தொடவில்லை. தட்டைத் தன் முன் இழுத்து வைத்துக்கொண்டு வெறுங்கையால் முயல்வாள். சோறு விரல்களுக்கிடையே வழியும். உள்ளங்கையைச் சாய்த்து வாயருகே கொண்டுபோவதற்குள் பாதி மடியில் விழும். நாங்கள் வேறெங்காவது பார்த்துக்கொண்டிருப்போம். என் மனைவி அடுக்களையில் ஏதாவது பாத்திரத்தை எடுத்து வைப்பாள். நான் செய்தித்தாளை விரித்துக்கொள்வேன். எங்களில் எவரும் அவளுக்கு முன் உண்ணத் தொடங்குவதில்லை. அது சொல்லாமலே ஏற்பட்ட வழக்கம். அரை நாழிகைபோல் அவள் முயல்வாள். பிறகு கையைத் தட்டின் விளிம்பில் துடைத்துவிட்டு, "சரி, வா," என்பாள். நான் போய் அருகில் அமர்ந்து ஊட்டுவேன். மனைவி வந்தால் ஏற்கமாட்டாள். நான்தான் வர வேண்டும்.

ஊட்டும்போது ஏதாவது பேசுவாள். உப்பைப் பற்றி, வெயிலைப் பற்றி, ஆபீசில் எப்போதோ நடந்த சண்டையைப் பற்றி. மதுரையில் கேட்ட கேள்வியை அவள் மீண்டும் ஒருமுறையும் கேட்கவில்லை. நானாக அதைத் தொட இரண்டொரு முறை முனைந்திருக்கிறேன். "அக்கா, நான் அன்னைக்கே..." என்று தொடங்குவேன். "கொழம்ப இன்னுங் கொஞ்சம் விடு," என்பாள்.

கடைசி ஆண்டின் தையில் ஒருநாள் மனைவி வழக்கம்போல் தட்டை வைத்தாள். பருப்பும் நெய்யும், அவரைக்காய்ப் பொரியலும். நான் செய்தித்தாளை எடுத்து விரித்தேன். முதற்பக்கத்தின் தலைப்பைப் படித்து முடிப்பதற்குள் அவள் குரல் கேட்டது.

"வா."

தாளை மடித்துவிட்டு நிமிர்ந்தேன். அவள் இரு கைகளும் மடியில் இருந்தன. தட்டில் சோறு குவித்தது குவித்தபடி இருந்தது. அவள் அதைத் தொடவே இல்லை. என் மனைவி அடுக்களை வாயிலில் வந்து நின்றாள். நான் எழுந்து கைகழுவிவிட்டு வந்து அக்காவின் பக்கத்தில் அமர்ந்து, சோற்றைப் பிசைந்தேன்.